காசிமேட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்

"கல்யாணத்துக்குப் போற. கல்யாணத்தை மட்டும் பாரு" என்று விமான நிலையத்தில் என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் கண் என் தோளில் தொங்கிய கேமராப் பையின் மேல்தான் இருந்தது. தண்டையார்பேட்டையில் என் சித்தி மகள் கோமதியின் பெண்ணுக்குக் கல்யாணம். மலேசியாவிலிருந்து பெரியம்மா வந்து நின்றால்தான் மரியாதை என்று கோமதி போனில் அழாத குறையாகக் கூப்பிட்டிருந்தாள். புடவை எடுப்பதிலிருந்து பந்தல் பிரிப்பது வரை கூட இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் படம் எடுப்பேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. கல்யாணப் படம் எடுப்பவர்களைக் கொஞ்சம் மட்டமாகப் பார்க்கும் கூட்டம். படத்தில் இருப்பவர் கேமராவைப் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, முடிந்தால் படத்தில் கலரே இருக்கக் கூடாது. இதுதான் எங்கள் கட்சி. இந்தக் கொள்கையோடு வடசென்னையில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆட்டோ ஒன்று பிடித்து எண்ணூர் பக்கம் கிளம்பினேன். ஓட்டியவர் ஜமால் பாய். ராயபுரத்துக்காரர், வெள்ளைத் தொப்பி, வாய் நிறைய பேச்சு. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எங்களை மடக்கிவிட்டது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. பக்கத்து லாரியின் டயர் என் தலைக்கு மேல் இருந்தது. அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதே நீலம், அதே துரு, பக்கவாட்டில் அதே கம்பெனி எழுத்துகள். எங்கள் அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெட்டி ஒன்று இதில் இருந்தாலும் இருக்கலாம்.

"இது எப்போ நகரும் பாய்?"

"அது நம்ம கைல இல்லக்கா. லாரி போ சொல்லதான் நாமளும் போவலாம். நீ எறங்கி படம் எட்த்துக்கோ, நான் வண்டியில கீறேன்."

இறங்கினேன். வரிசையில் மாட்டிக்கொண்ட ஓட்டுநர்களுக்கு ரோடுதான் வீடு. ஒருவர் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சாம்பார் கொதிக்கவிட்டிருந்தார். இன்னொருவர் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதிக் கன்னம் நுரை, பாதிக் கன்னம் மழித்தது, பின்னால் சிமென்ட் நிறத்தில் வானம். எங்கள் கூட்டம் பார்த்தால் உயிரை விடும் காட்சி. கேமராவைத் தூக்கினேன். அவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துவிட்டார்.

"இருங்கம்மா, இருங்கம்மா" என்றார். மிச்சக் கன்னத்தை மழித்தார். முகம் கழுவினார். தலை சீவினார். கேபினுக்குள் ஏறி இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கி, லாரியின் முகப்பில் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி நின்றார். "இப்ப எடுங்க. கால் வருதா?"

வருகிறது என்றேன். எனக்கு வேண்டியது ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கெல்லாம் இதே கதை. கிள்ளானில் கேமராவைப் பார்த்தால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் போலீசைக் கூப்பிடுவேன் என்பார்கள். இங்கே ஓடி வந்து நிற்கிறார்கள். காய்கறிக்காரம்மா தராசை நிமிர்த்திப் பிடித்து நின்றாள். கேரம் விளையாடிய நால்வரும் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தோளில் கை போட்டு நின்றார்கள். எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, கால் வருதா என்பதுதான். "காலு வெட்னா நல்லா இருக்காதுன்னு நென்ச்சிக்குவாங்கக்கா" என்று ஜமால் பாய் விளக்கினார். "முழு ஆளு வர்ணும். மூஞ்சி பளிச்சுனு வர்ணும். அதான் போட்டோ." எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, இந்த ஜனங்களை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியும்போதே போய்விட வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் மீன் சந்தையில் விலை எழுதி வைத்திருக்கும், பேச்சே தேவைப்படாது. இங்கே ஏலக்காரர் கூப்பிடும் வேகத்தில் எனக்கு எண்கள் மட்டும் அல்ல, தமிழே மறந்துபோனது. ஐஸ் அரைக்கும் இயந்திரம் ஒரு பக்கம் இரைந்தது. கூடை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று இடித்துக்கொண்டு ஓடினார்கள். வஞ்சிரத்தை விறகுபோல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஓரமாக அலுமினியத் தட்டில் சங்கரா மீனைப் பரப்பி உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைக் கவர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். மூக்குத்தி, மடித்துச் செருகிய புடவை, அதட்டலான குரல். கேமராவைத் தூக்கப் போனேன்.

"தோ, பொட்டிய கீழ எறக்கு. இன்னும் போணியே ஆவல. மொதல்ல வாங்கு, அப்பால எவ்ளோ வேணா எட்த்துக்கோ."

வாங்கினேன். கல்யாண வீட்டில் காப்புக் கட்டும் வரைக்கும் மீன் சமைக்கலாமா கூடாதா என்றுகூட யோசிக்கவில்லை. முதல் விற்பனை நானாகிவிட்டதால் தேசம்மாவுக்கு, அதுதான் அவள் பெயர், என் மேல் பிரியம் வந்துவிட்டது. தன் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, "குந்துக்கா" என்றாள். நாஷ்டா தின்றாயா என்று கேட்டாள். எங்கள் ஊரில் காலையில் "பசியாறியாச்சா" என்று கேட்போம். கேள்வி வேறாக இருந்தாலும் கேட்கும் முகம் ஒன்றுதான். இல்லை என்றதும் இட்லியும் வடகறியும் வந்தன. மீன் செதில் ஒட்டிய கையாலேயே பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். நானும் மறுபேச்சில்லாமல் தின்றேன்.

அங்கேதான் ஏழுமலையைப் பார்த்தேன். தேசம்மாவின் வீட்டுக்காரர். விசைப்படகில் வேலை. அன்றைக்கு அவர் போகும் படகு கடலுக்குக் கிளம்புகிறது என்று, சாப்பாட்டு மூட்டையை வாங்கிக்கொள்ள வந்திருந்தார். மனைவியிடம் எதற்கோ திட்டு வாங்கிச் சிரித்துவிட்டுப் படகுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஐஸ் ஏற்றி முடித்தபின் படகின் ஓரத்தில் சாய்ந்து அவர் ஒரு நிமிடம் துறைமுக வாயைப் பார்த்தபடி நின்றார். மேலே இருந்த அறையின் நிழல் முகத்தில் பாதியை மறைத்தது. மிச்சப் பாதியில் விடிகாலை வெளிச்சம். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை, யாரும் கால் வருதா என்று கேட்கவில்லை. வடசென்னைக்கு வந்து முதல் தடவையாக எனக்கு வேண்டிய படம் கிடைத்தது.

கேமராச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், கோபித்துக்கொள்ளவில்லை. "எனுக்கு ஒண்ணு குட்பியாக்கா?" என்று கேட்டார். "தனியா நின்னு ஒரு போட்டோ கெடையாது எனுக்கு. ஆதார்ல கீறத பாத்தா எனுக்கே பயமா கீது. நான் வர்றதுக்கு பத்து பன்னண்டு நாளாவும். நீ இவகிட்ட குட்த்து வை."

பெரிதாகப் போட்டு, சட்டம் போட்டே கொடுக்கிறேன் என்றேன். படகு கிளம்பிப் போனதைத் தேசம்மா நின்று பார்க்கவில்லை. பார்க்கிற பழக்கம் இல்லையாம். முதுகைக் காட்டி உட்கார்ந்து மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்த நாட்கள் கல்யாண வேலைக்கும் தெருவுக்கும் நடுவில் ஓடின. மதியம் வரை கோமதிக்கு, அதற்குமேல் ஜமால் பாய்க்கு. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோவைத் தள்ளுவண்டியில் தின்றேன். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் பச்சை முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் மீ கோரிங் நூடுல்ஸுக்கு இது தூரத்துச் சொந்தம் என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். "அப்ப இன்னொரு தட்டு துன்னு, சொந்தக்காரங்க தானே" என்றார்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் கழிமுகத்தின் ஓரம் நின்றிருந்தபோது, பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், முன்னால் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள். கொஞ்சம் தள்ளி வடநாட்டுத் தொழிலாளி ஒருவன், வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் போனைத் தூக்கிப் பிடித்து ஊருக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தான். ஜமால் பாய்க்கு உருது தெரியும் என்பதால் காதைக் கொடுத்துக் கேட்டுச் சொன்னார். "அம்மா, இது முழுக்கத் தண்ணிதான். அந்தப் பக்கம் கரை கிடையாது. இல்லம்மா, நான் கிட்ட போகல. சத்தியமா போகல" என்று சொல்கிறானாம். அவன் முட்டி வரைக்கும் நனைந்திருந்தது. அதையும் எடுத்தேன்.

ஒரு மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து ஏழுமலையின் படத்தை மடிக்கணினியில் திறந்தேன். அழகான படம். கலர்தான் உறுத்தியது. கிளிப்பச்சையில் ஒரு பனியன், கழுத்தில் சிவப்புத் துண்டு, பின்னால் சுருட்டிய மஞ்சள் நிறப் படகுக் கயிறு. எங்கள் கட்சிக்காரர்களை நினைத்துக்கொண்டு கலரை முழுக்க எடுத்துவிட்டேன். நிழலை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கினேன். பனியன் சாம்பலாகிப் போனது, கண் மட்டும் தனியாகத் தெரிந்தது. எழுந்து நின்று தள்ளி வைத்துப் பார்த்து, எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

கூறைப்புடவை எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போனபோது, கோமதியும் பெண்ணும் ஐம்பதாவது புடவையைப் பிரிக்கும் நேரத்தில் நான் நழுவி, பக்கத்துச் சந்தில் ஒரு படச்சட்டக் கடையைக் கண்டுபிடித்தேன். நான் அச்செடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் கடைக்காரர் வானொலியை அணைத்தார். உச்சுக்கொட்டி, "நல்ல களையான ஆளு" என்றார். குரலைத் தாழ்த்தி என்ன வேலை செய்தார் என்று கேட்டார், கடலுக்குப் போகிறவர் என்றதும் தலையை ஆட்டினார். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதை முதலில் முடித்தார். சட்டத்தின் மேல் மூலைகள் இரண்டிலும் நான் கேட்காமலேயே குட்டியாக இரண்டு பித்தளைக் கொக்கிகளை அடித்துக் கொடுத்தார். வெளியூர்க்காரியிடம் எவ்வளவு அன்பு என்று நெகிழ்ந்துபோய் வெளியே வந்தேன்.

செய்தித்தாளில் சுற்றிய படத்தோடு காசிமேட்டுக்குப் போன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏலம் முடிந்துவிட்டிருந்தது. தேசம்மா வழக்கமான இடத்தில்தான் இருந்தாள், ஆனால் தட்டு காலியாக இருந்தது. அவளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இதையெல்லாம் நான் கவனித்திருக்க வேண்டும். என் கையில்தான் பரிசு இருந்ததே! "தேசம்மா, கண்ணை மூடு" என்று சொல்லிக் காகிதத்தைக் கிழித்து, படத்தை அவள் முன்னால் நிமிர்த்திப் பிடித்தேன்.

தேசம்மா கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவள் மார்பில் அறைந்துகொண்டு, "ஐயோ, ஏழுமல போய்ட்டானே" என்று அலறினாள். அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் ஓடி வந்தார்கள். தேசம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது.

"யார் சொன்னா உனுக்கு? எங்க கீது பொணம்? சொல்லு. யார் சொன்னா?"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த ஜமால் பாய் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவருக்கு விளங்கிவிட்டது. "யம்மா, யம்மா, அப்டி ஒண்ணும் கெடையாது. இவங்க மலேசியா. நல்லா இருக்கும்னு கறுப்பு வெள்ளைல போட்டுட்டாங்க. சேதி எதுவும் வர்ல. அல்லா மேல ஆணையா வர்ல" என்று கத்தினார்.

அப்புறம்தான் மற்றது தெரிந்தது. ஏழுமலையோடு ஒன்றாகக் கிளம்பிய படகுகள் இரண்டு நாட்களுக்கு முன்பே திரும்பிவிட்டன. அவர் படகு மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டும் பதில் இல்லை. அந்த நேரத்தில் அவர் பெண்டாட்டியின் முன்னால் நான் ஒரு படத்தைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். கறுப்பு வெள்ளை, தனி ஆள், கால் இல்லை, பாதி முகம் இருட்டு. மேலே மாலை மாட்டுவதற்குக் கொக்கி வேறு. இந்தப் பகுதியில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிப் படங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. கடைக்காரர் டீ வாங்கித் தந்தது துக்க வீட்டுக்காரிக்கு.

எனக்குத் தெரியாததா இது? கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அப்பா படம் இப்படித்தான் தொங்குகிறது. தினமும் பார்க்கிறேன். படக்காரியாக உட்கார்ந்து வேலை செய்யும்போது அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

"இத்த வூட்டு பக்கம் எட்த்தாராத" என்றாள் தேசம்மா. அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

படத்தைத் திரும்பக் கட்டி எடுத்துவந்தோம். அதை என்ன செய்வது என்பது பெரிய பேஜாராகிவிட்டது. கோமதி வாசலிலேயே தடுத்தாள். "முகூர்த்தக்கால் நட்ட வீட்டுல இதைக் கொண்டு வருவியா? உனக்குப் பைத்தியமா அக்கா?" உடைத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். ஜமால் பாய் பதறிவிட்டார். "உசுரோட கீறவன் மூஞ்சிய எப்டிக்கா ஒடைப்ப?" கொடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது, போடவும் முடியாது. கடைசியில் அவரே ஆட்டோவின் பின் சீட்டுக்கு அடியில் துண்டு போட்டுச் சுற்றி வைத்துக்கொண்டார். மேட்டில் வண்டி குலுங்கும்போதெல்லாம் "மன்னிச்சிக்கோ நைனா" என்று சீட்டுக்கு அடியில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

மறுநாள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுக் காசிமேட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். தேசம்மா என்னைப் பார்த்தாள், போ என்று சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ஆளுக்கொரு சேதி வந்தது. எஞ்சின் நின்று போயிருக்கும் என்றார் ஒருவர். ஆந்திரா பக்கம் ஒதுங்கியிருக்கலாம் என்றார் இன்னொருவர். போன வாரம் அடித்த காற்றைப் பற்றி ஒரு கிழவர் பேச ஆரம்பித்ததும் பெண்கள் அவரை விரட்டினார்கள்.

வெயில் ஏறியபிறகு தேசம்மா டீ கிளாஸ் ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். "உம்மேல கோவம் இல்லக்கா. நீ கெட்டது நென்ச்சி பண்ல. ஆனா ராத்திரி கண்ண மூட்னா அந்த படந்தான் வருது. அந்தாளு மூஞ்சி வர மாட்டேங்குது. எனுக்கு ரொம்ப பயமா கீது."

போனை எடுத்து, அதில் இருந்த அசல் படத்தைத் திறந்து அவளிடம் கொடுத்தேன். நான் கை வைப்பதற்கு முந்தைய படம். தேசம்மா முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"இந்த பச்ச பனியன் நாந்தான் வாங்கியாந்தேன். கலீஜா கீதுன்னு போட மாட்டேன்னான். போட்டுகினுதான் போய்க்கீறான், பாரு." பக்கத்திலிருந்தவளிடம் காட்டினாள். "இந்த துண்டு அவங்க அக்கா வூட்டு துண்டு. திருப்பி குட்க்கவே இல்ல." சொல்லச் சொல்ல அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்காமலேயே பேசிக்கொண்டிருந்தாள். நான் உறுத்துகிறது என்று எடுத்துப் போட்ட கலர் ஒவ்வொன்றிலும் அவள் வீட்டுக்காரர் இருந்தார். வெட்கமாக இருந்தது எனக்கு. அந்தப் படத்தை அவள் போனுக்கு அனுப்பினேன். அன்று முழுக்க அவள் அதை இடுப்பில் செருகுவதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அடுத்த நாளும் போனேன். கல்யாணத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது பெரியம்மா மீன் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கோமதி போனில் கத்தினாள். வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இந்த மனிதர் திரும்பாமல் போனால், நான் செய்த படம்தான் அவருடைய படம் என்றாகிவிடும். அந்த நினைப்பு என்னை உட்காரவும் விடவில்லை.

பதினொரு மணி வாக்கில் கல் சுவரின் மேல் நின்றிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். ஒரு படகு இன்னொரு படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் வந்ததின் எண்ணைப் படித்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தேசம்மா மட்டும் எழவில்லை. "நீ பாத்து சொல்லுக்கா. எத்தினி பேரு கீறாங்கன்னு பாத்து சொல்லு. எனுக்கு காலு வர்ல" என்றாள்.

போய்ப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். கிளிப்பச்சையைத்தான் முதலில் பார்த்தேன். அழுக்கேறிப் போயிருந்தாலும் அது கிளிப்பச்சைதான். திரும்பி நின்று, என் வயதுக்கும் உடம்புக்கும் பொருந்தாத ஒரு கத்தல் கத்தினேன்.

எஞ்சின் நின்று, பேட்டரியும் தீர்ந்து, ஆந்திரக் கரைக்கு எதிரே மிதந்துகொண்டிருந்தவர்களை அந்தப் பக்கமாக வந்த படகு கண்டிருக்கிறது. ஏழுமலை இறங்கி வரும்போது கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. கால் வரவில்லை என்று சொன்னவள் எப்போது எழுந்தாளோ தெரியவில்லை, போய் அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள். "ஒரு சேதி சொல்ல முடியாது உனுக்கு? நான் இன்னா ஆயிருப்பேன்னு நென்ச்சியா?" என்றாள். அவர் அடியை வாங்கிக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, இன்னும் ஊருக்கு போவலியா? என் போட்டோ எங்க?"

சுற்றி நின்ற பெண்கள் தேசம்மாவைப் பார்த்தார்கள். ஜமால் பாய்தான் தைரியமாக ஆட்டோவுக்குப் போய், சீட்டைத் தூக்கி, துண்டை அவிழ்த்து எடுத்துவந்தார். ஏழுமலை படத்தை வாங்கி வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார்.

"நானா இது? சோக்கா கீதே!" மேலிருந்த கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். "மாலைக்கு எடம்கூட உட்டு வெச்சிகீறாங்க. எட்த்து வைடி, எப்பனாலும் தேவப்படும்ல!"

தேசம்மா அவர் வாயிலேயே ஒன்று போட்டாள். படத்தைப் பிடுங்கித் திருப்பி, முகம் தெரியாமல் ஜமால் பாயிடம் கொடுத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, பொட்டி எங்க?"

"கொண்டுவரலை தேசம்மா."

"செல்லு கீதுல்ல? அதுல எடு." அவரைப் படகுக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள், தலையை விரலாலேயே கோதிவிட்டாள், மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டாள். பக்கத்தில் போய் நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு பேரும் தலை முதல் கால் வரை வரும்படி பின்னால் தள்ளி நின்றேன். பாறாங்கல்போல விறைத்து நின்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, படத்தில் இருப்பவர்களிடம் சிரிக்கச் சொன்னேன்.

"சிரிக்கறதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்" என்றாள் தேசம்மா. "உசுரோட கீறான்னு தெரிஞ்சா போதும். எடுக்கா."